வகுப்பறைக் கதைப் புத்தகங்கள்: விலகிக்கொள்ளும் உரிமை மட்டும் போதுமா?

2025 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிக்கூடக் கதைப் புத்தகங்கள் குறித்து ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுண்டி அரசுப் பள்ளிகளில் சிறு குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டப்பட்ட சில படக்கதைகள் பற்றிய வழக்கு அது. ‘மஹ்மூத் எதிர் டெய்லர்’ என்பது வழக்கின் பெயர். வழக்குத் தொடுத்தவர்களில் முதலில் நிற்பவர்கள் ஒரு முஸ்லிம் தம்பதியர். கத்தோலிக்கக் குடும்பத்தினரும் உக்ரைனிய ஆர்த்தடாக்ஸ் குடும்பத்தினரும் அவர்களோடு சேர்ந்து நின்றார்கள். தங்கள் மார்க்க நம்பிக்கைக்கு முரணான அந்தக் கதைகள் வாசிக்கப்படும் நேரத்தில் தங்கள் பிள்ளைகளுக்கு விலக்கு வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. 6 நீதிபதிகள் அதை ஏற்றார்கள். 3 பேர் மறுத்தார்கள்.

தீர்ப்பு வந்ததும் அங்குள்ள முஸ்லிம் பெற்றோர் பலர் நிம்மதி அடைந்தார்கள். அது நியாயமான நிம்மதிதான். ஆனால், அதோடு விஷயம் முடிந்துவிட்டதாக நாம் நினைத்துவிடக் கூடாது. பல இன, பல சமய, பல மொழிப் பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் வகுப்பில் எந்த வயதுப் பிள்ளைக்கு எந்தக் கதையைக் கொடுப்பது? அதை யார் தேர்ந்தெடுப்பது? அந்தத் தேர்வில் முஸ்லிம் சமுதாயத்தின் பங்கு என்ன? வேண்டாத புத்தகம் வரும்போது எழுந்து வெளியே போவது மட்டும்தானா? அமெரிக்கச் செய்திதானே என்று நாம் கடந்துபோக முடியாத கேள்விகள் இவை. நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலிலும் இதே கேள்விகள் வேறு உருவில் நிற்கின்றன. முதலில் அமெரிக்க அனுபவத்தைச் சரியாகப் புரிந்துகொள்வோம்.

முகம் பார்க்கும் கண்ணாடியும் ஜன்னலும்

வகுப்பறையில் பல பண்பாட்டுப் புத்தகங்கள் வேண்டும் என்ற கோரிக்கை அமெரிக்காவில் முஸ்லிம்களால் தொடங்கப்பட்டதல்ல. கறுப்பின மக்களின் நீண்ட போராட்டத்தில் பிறந்தது அது. 1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளியான 5,206 குழந்தை நூல்களை அவர் ஆராய்ந்திருந்தார். அவற்றில் ஒரு கறுப்பினப் பாத்திரமாவது தலைகாட்டிய நூல்கள் வெறும் 349. நூற்றுக்கு 7கூட இல்லை. புத்தகத்தில் ஏன் எப்போதும் வெள்ளைக்காரக் குழந்தைகளே இருக்கிறார்கள் என்று ஒரு ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி கேட்டதைச் சொல்லித்தான் அவர் அந்தக் கட்டுரையைத் தொடங்கினார்.

இருபது ஆண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் 1985இல் கணக்கெடுத்தபோது, அந்த ஆண்டு வெளியான சுமார் 2,500 நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியோ வரைந்தோ உருவாக்கியவை 18 மட்டுமே.

1990இல் ருடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியை இந்தக் குறையை ஓர் எளிய உவமையால் விளக்கினார். நல்ல புத்தகம் ஒரு பிள்ளைக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாக இருக்க வேண்டும், அதாவது தன்னையும் தன் வீட்டையும் அதில் பார்க்க முடிய வேண்டும் என்றார். அடுத்த வீட்டாரின் வாழ்க்கையைப் பார்க்கும் ஜன்னலாகவும் அது இருக்க வேண்டும் என்றார். அந்த ஜன்னலே சில சமயம் திறந்து வழிவிடும் கதவாகி, பிள்ளை அடுத்தவர் உலகுக்குள் நுழைந்து வரவும் உதவும் என்றார். கண்ணாடியே இல்லாமல் வளரும் பிள்ளை, தான் ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. கண்ணாடி மட்டுமே உள்ள வீட்டில் வளரும் பிள்ளையோ, உலகமே தன்னைப்போல்தான் இருக்கிறது என்று நம்பிவிடுகிறது. இரண்டுமே நட்டம்தான். இன்றுவரை அமெரிக்க ஆசிரியர் பயிற்சியில் இந்த உவமை சொல்லப்படாத இடமில்லை.

நமக்கு இது புதிய கருத்தும் அல்ல. மனிதர்களைப் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் படைத்ததன் நோக்கம் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதே என்று திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் 13ஆவது வசனம் நமக்கு உணர்த்துகிறது. அறிந்துகொள்வது என்றால் நாம் பிறரை அறிவதும், பிறர் நம்மை அறியச் செய்வதும்தான்.

முஸ்லிம் பிள்ளைக்குக் கிடைத்த கண்ணாடி

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்க முஸ்லிம் பிள்ளைகள் பள்ளியில் பட்ட பாட்டை நாம் அறிவோம். பெயரைச் சொல்லவே தயங்கிய பிள்ளைகள் உண்டு. அந்தத் தலைமுறையில் படித்து வளர்ந்தவர்களில் சிலர் பின்னர் எழுத வந்தார்கள். 2016இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற பெரிய பதிப்பகம், முஸ்லிம் பிள்ளைகளைப் பற்றிய கதைகளுக்கென்றே ‘சலாம் ரீட்ஸ்’ என்ற தனிப் பிரிவைத் தொடங்கியது. இன்று மழலையர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு நிலைக்கும் கொடுக்கத்தக்க நூல்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை நிலைவாரியாகப் பார்ப்பது பயன் தரும்.

மழலையர் வகுப்பிலும் 1, 2ஆம் வகுப்புகளிலும் பிள்ளைக்கு வேண்டியது வீடு, உம்மா, வாப்பா, உடை, உணவு, பெயர் ஆகிய பழகிய விஷயங்கள். ஜமீலா தாம்ப்கின்ஸ்-பிகலோ எழுதிய ‘மாமிஸ் கிமார்’ நூலில் ஒரு சிறுமி தன் தாயின் முக்காட்டைப் போர்த்திக்கொண்டு விளையாடுகிறாள். அவ்வளவுதான் கதை. ஒலிம்பிக் வாள்வீச்சு வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மத், எஸ்.கே. அலியுடன் சேர்ந்து எழுதிய ‘தி ப்ரவுடஸ்ட் ப்ளூ’ 2019இல் வந்தது. அக்கா முதன்முதலாக ஹிஜாப் அணிந்து பள்ளிக்குப் போகும் நாளைத் தங்கை சொல்லும் கதை அது. ஒரு பையன் அதை மேசை விரிப்பு என்று கேலி செய்கிறான். அந்தச் சொல்லைச் சுமக்காமல் நடப்பது எப்படி என்று தாய் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபுடன் அமெரிக்காவுக்காக விளையாடி, அணிப் பிரிவில் வெண்கலம் வென்றவர் எழுதியது என்பதால் அந்தக் கதைக்கு வகுப்பில் தனி மதிப்பு உண்டு. சாதியா ஃபாரூக்கியின் யாஸ்மின் தொடரில் வரும் பாகிஸ்தானிய அமெரிக்கச் சிறுமிக்கோ வருவதெல்லாம் எந்தப் பிள்ளைக்கும் வரும் அன்றாடச் சிக்கல்கள்தாம். முஸ்லிம் பிள்ளை என்றாலே பிரச்சினை என்ற எண்ணத்தை உடைக்க இதுபோன்ற சாதாரணக் கதைகளே அதிகம் உதவும்.

3 முதல் 5ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு ‘நான் மற்றவர்களைப்போல் இல்லையே’ என்ற கூச்சம் வரத் தொடங்குகிறது. ரீம் ஃபாரூக்கியின் ‘லைலாஸ் லஞ்ச்பாக்ஸ்’ அந்த வயதுக்கானது. அபுதாபியிலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்கு வந்த சிறுமி, ரமலானில் நோன்பு வைக்கும் வயது வந்துவிட்ட மகிழ்ச்சியில் இருக்கிறாள். ஆனால், தாய் எழுதித் தந்த கடிதத்தை ஆசிரியையிடம் கொடுக்கப் பயப்படுகிறாள். மதிய உணவு வேளையில் அவள் தஞ்சம் புகுவது நூலகத்தில். அவளுக்கு உதவுபவர் முஸ்லிம் அல்லாத ஒரு நூலகர். நோன்பு வைக்கும் பிள்ளைக்கு இது கண்ணாடி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் ஆசிரியைக்கும் இது ஜன்னல்.

நடுநிலை வகுப்புகளுக்கு ஹெனா கானின் ‘அமினாஸ் வாய்ஸ்’, ஜாஸ்மின் வர்காவின் ‘அதர் வேர்ட்ஸ் ஃபார் ஹோம்’ ஆகியவை பொருந்தும். முதல் நூலில் அமினாவின் கொரியத் தோழி குடியுரிமை கிடைக்கும் நேரத்தில் தன் பெயரை அமெரிக்கப் பெயராக மாற்றிக்கொள்ள நினைக்கிறாள். அமினாவின் இஸ்லாமிய மையம் தாக்கப்படுகிறது. அக்கம்பக்கத்தார் கைகொடுக்கிறார்கள். இரண்டாவது நூலில் சிரியாவைச் சேர்ந்த ஜூட் என்ற சிறுமி, தந்தையையும் அண்ணனையும் விட்டுவிட்டுத் தாயுடன் சின்சினாட்டி நகருக்கு வருகிறாள். 2020இல் நியூபெரி சிறப்பு விருது பெற்ற நூல் இது.

உயர்நிலை வகுப்புகளில் பிள்ளைகள் அநீதியைப் பற்றியும், சொந்தச் சமுதாயத்தின் குறைகளைப் பற்றியும் பேசத் தயாராகிவிடுகிறார்கள். சமீரா அஹ்மதின் ‘இன்டர்ன்மென்ட்’, அமெரிக்க முஸ்லிம்கள் முகாமில் அடைக்கப்படும் ஒரு கற்பனை நாளைச் சித்திரிக்கிறது. சபா தாஹிரின் ‘ஆல் மை ரேஜ்’ 2022இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது. அதில் தொழுகையும் துஆவும் இருக்கின்றன. குடிப்பழக்கத்துக்கு அடிமையான தந்தையும், போதைப்பொருள் விற்கும் மகனும் இருக்கிறார்கள். இதை 5ஆம் வகுப்பில் கொடுத்தால் முதலில் எதிர்ப்பது நாமாகத்தான் இருப்போம். 11ஆம் வகுப்பில், நல்ல ஆசிரியர் ஒருவர் கையில், அதுவே மறக்க முடியாத பாடமாகலாம். புத்தகம் ஒன்றுதான். எந்த வயதில், யார் கையால் கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் விளைவு மாறுகிறது.

ஒரே கதையின் ஆபத்து

புத்தகம் வகுப்புக்குள் வந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. டெபோரா எல்லிஸ் என்ற கனடிய எழுத்தாளரின் ‘தி பிரெட்வின்னர்’ 2000இல் வந்தது. தாலிபான் ஆட்சியில் பையன் வேடமிட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஆப்கன் சிறுமியின் கதை. வட அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் படிக்கப்படும் நூல். அதில் சொல்லப்படும் துன்பம் பொய்யல்ல. ஆனால், ஒரு பிள்ளை தன் பள்ளிக் காலம் முழுவதிலும் முஸ்லிம்களைப் பற்றிப் படிக்கும் ஒரே கதை அதுவாக இருந்தால், முஸ்லிம் பெண் என்றாலே யாராவது வந்து காப்பாற்ற வேண்டியவள் என்ற படம் அதன் மனத்தில் பதிந்துவிடும். அந்த நூலோடு ‘அமினாஸ் வாய்ஸ்’ போன்ற ஒன்றையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைக்கு அப்படிப் பதியாது. ஆகவே, ஒரு நூலை மட்டும் தனியாக எடுத்து நல்லது, கெட்டது என்று தீர்ப்பளிப்பதைவிட, அலமாரியில் அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம்.

இன்னொரு குறை, பண்டிகைக் கல்வி. பல பண்பாட்டுக் கல்வியை ஆராய்ந்த ஜேம்ஸ் பேங்க்ஸ் என்ற பேராசிரியர் அதில் பல படிகள் இருப்பதாக விளக்கினார். உணவு, உடை, பண்டிகை, பிரபலங்கள் என்று மேலோட்டமாகத் தொட்டுச் செல்வது அடிமட்டப் படி. அடுத்தவரின் பார்வையில் நின்று வரலாற்றையும் வாழ்க்கையையும் யோசிக்கச் செய்வது மேல் படி. நம் ஊரில் ‘பெருநாளா? பிரியாணி எங்கே?’ என்ற கேள்வியோடு நின்றுவிடும் நட்பு எந்தப் படியில் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. பிரியாணி கொடுப்பது நல்ல பழக்கம்தான். அதோடு பேச்சும் தொடர வேண்டும்.

ஆசிரியரின் தயாரிப்பும் முக்கியம். ‘அமினாஸ் வாய்ஸ்’ நூலில், பியானோ வாசிப்பது மார்க்கத்துக்கு உகந்ததல்ல என்று ஊரிலிருந்து வந்த பெரியப்பா கருதுகிறார். இசை குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. விவரம் தெரியாத ஆசிரியர் ‘இஸ்லாத்தில் இப்படித்தான்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், நல்ல புத்தகமும் தவறான பாடமாகிவிடும்.

மாண்ட்கோமரியில் நடந்தது என்ன?

இந்தப் பின்னணியில்தான் மாண்ட்கோமரி வழக்கைப் பார்க்க வேண்டும். 2022இல் அந்தக் கவுண்டியின் கல்வி வாரியம், ஒருபாலினத் திருமணம், பாலின அடையாளம் ஆகியவை இடம்பெறும் சில கதைப் புத்தகங்களைத் தொடக்கப்பள்ளி மொழிப் பாடத்தில் சேர்த்தது. அப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் கண்ணாடி வேண்டும் என்பது வாரியத்தின் வாதம். தொடக்கத்தில், பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்து, விரும்பாதவர்களின் பிள்ளைகளுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் வாரியம் அந்த வசதியை நிறுத்துவதாக அறிவித்தது. விலக்குக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள், வகுப்பை நடத்துவது சிரமமாகிறது, எழுந்து போகும் பிள்ளைகளைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் மனம் புண்படுகிறார்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் அந்தப் புத்தகங்களைத் தடை செய்யச் சொல்லவில்லை. நூலகத்திலிருந்து அகற்றச் சொல்லவும் இல்லை. எங்கள் பிள்ளைக்கு இந்த வயதில் இந்தப் பாடம் வேண்டாம், முன்கூட்டியே சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். மாவட்ட நீதிமன்றம் மறுத்தது. 2024 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2க்கு 1 என்ற கணக்கில் மறுத்தது. உச்ச நீதிமன்றம்தான் மாற்றியது. வழக்கு முழுமையாக முடியும்வரை முன்னறிவிப்பும் விலக்கும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோ, பிள்ளைகளின் இளவயதை முக்கியக் காரணமாகக் கொண்டார். ஆசிரியர் சொல்வதை அப்படியே ஏற்கும் வயதில், ஒரு குறிப்பிட்ட கருத்தைக் கொண்டாடும்படி அமைந்த கதைகள் பெற்றோரின் மார்க்கப் போதனைக்குக் குறுக்கே நிற்கின்றன என்றார். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி சோட்டோமேயரோ, பல வகை மனிதர்களோடு சேர்ந்து வாழப் பழகும் இடம் அரசுப் பள்ளி, பெற்றோரின் நம்பிக்கைக்கு மாறான ஒவ்வொன்றிலிருந்தும் பிள்ளைகளை விலக்கினால் அந்த அனுபவமே இல்லாமல் போகும் என்று எச்சரித்தார்.

நம் நிலைப்பாட்டில் குழப்பமில்லை. திருமணமும் குடும்பமும் குறித்து இஸ்லாம் சொல்வது தெளிவானது. அதைப் பிள்ளைக்கு எந்த வயதில், எந்த வார்த்தைகளில் சொல்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு பெற்றோருடையது. அதே நேரத்தில், அந்தப் புத்தகங்களில் வரும் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் உட்காருகிறார்கள். அவர்களைக் கேலி செய்யவோ ஒதுக்கிவைக்கவோ மார்க்கம் நமக்கு அனுமதி தரவில்லை. விலக்குக் கேட்கும் பெற்றோர் இந்த இரண்டையும் சேர்த்தே தம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

நம் பக்கமும் திரும்பும் கதவு

விலகிக்கொள்ளும் உரிமை முஸ்லிம்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல. அதே மேரிலாந்தில் நடந்த இன்னொரு வழக்கை நினைவுபடுத்திக்கொள்வோம். 2014-15 கல்வியாண்டில் லா பிளாட்டா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் உலக வரலாற்றுப் பாடத்தின் ஒரு பகுதியாக இஸ்லாம் கற்பிக்கப்பட்டது. ஷஹாதாவின் சில சொற்களைக் கோடிட்ட இடத்தில் நிரப்பச் சொல்லும் பயிற்சியும் அதில் இருந்தது. ஒரு கிறித்தவ மாணவியின் பெற்றோர், இது எங்கள் நம்பிக்கைக்கு எதிரானது, எங்கள் மகளுக்கு இந்தப் பாடம் வேண்டாம் என்றார்கள். வழக்கு நீதிமன்றம் சென்றது. இது பாடமே தவிர மதப் பிரச்சாரம் அல்ல என்று 2019 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. 2025க்கு முன் மாண்ட்கோமரிப் பெற்றோரின் கோரிக்கையை மறுத்த அதே மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் இது. லா பிளாட்டா வழக்கை விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இன்று ஒரு பெற்றோர் வந்து, ஹிஜாபைப் பெருமையாகக் காட்டும் ‘தி ப்ரவுடஸ்ட் ப்ளூ’ எங்கள் சமய நம்பிக்கைக்கு முரணானது, அதை வாசிக்கும்போது எங்கள் பிள்ளையை வெளியே அனுப்புங்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? நாம் கேட்ட உரிமையைத்தான் அவரும் கேட்பார். அந்த வகுப்பில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளை, தன் கதை தொடங்கும்போது சக பிள்ளைகள் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இது வெறும் கற்பனை அச்சமல்ல. பென்சில்வேனியாவின் சென்ட்ரல் யார்க் பள்ளி மாவட்டத்தில், பன்மைத்துவம் பற்றிய ஒரு புத்தகப் பட்டியலையே 2020இல் நிர்வாகம் முடக்கிவைத்தது. ரோசா பார்க்ஸ் பற்றிய குழந்தை நூலும் மலாலாவின் நூலும் அந்தப் பட்டியலில் இருந்தன. மாணவர்கள் பள்ளி வாசலில் நின்று போராடிய பிறகே, 2021 செப்டம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. எழுத்துரிமைக்கான பென் அமெரிக்கா அமைப்பின் கணக்குப்படி, 2023-24 கல்வியாண்டில் மட்டும் அமெரிக்கப் பள்ளிகளில் 10,046 முறை புத்தகங்கள் தடுக்கப்பட்டன. பாலியல் தொடர்பான நூல்களோடு கறுப்பினத்தவர், சிறுபான்மையினர் பற்றிய நூல்களும் அந்த வலையில் சிக்குகின்றன.

2022 அக்டோபரில், முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் மிச்சிகன் மாநிலத்தின் டியர்போர்னில், பள்ளி நூலகங்களிலிருந்த சில புத்தகங்களை எதிர்த்துப் பெற்றோர் திரண்டார்கள். பெற்றோரின் கவலை புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால், ‘என் பிள்ளைக்கு வேண்டாம்’ என்பதற்கும் ‘யாருக்கும் வேண்டாம்’ என்பதற்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. மாண்ட்கோமரிப் பெற்றோர் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. அவர்களின் வழக்கு வலுவாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கோட்டைத் தாண்டும்போது, நாளை நம் புத்தகத்தை அகற்ற வருபவர்களுக்கு நாமே வழிகாட்டியவர்களாகிவிடுவோம்.

மேசைக்கு வருவோம்

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, பெற்றோர் புத்தகத்தைப் படிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு பக்கத்தின் படத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. தொடக்க வகுப்புப் படக்கதை ஒன்றை முழுதாகப் படிக்கப் பத்து நிமிடம் போதும்.

இரண்டாவதாக, வயதை அளவுகோலாக வைத்துப் பேச வேண்டும். ‘இது கெட்ட புத்தகம்’ என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ‘இது எந்த வகுப்புக்கு? இந்த வயதில் என்ன நோக்கம்? வாசித்த பிறகு ஆசிரியர் என்ன கேட்பார்?’ என்று கேட்டால் ஆசிரியர்களும் காது கொடுப்பார்கள்.

மூன்றாவதாக, தேர்வு நடக்கும் இடத்தில் நாம் இருக்க வேண்டும். பெற்றோர் சங்கம், பள்ளி மேலாண்மைக் குழு, நூல் பரிசீலனைக் குழு ஆகியவற்றின் நாற்காலிகள் நமக்காகவும் போடப்பட்டவைதாம். வேண்டாத புத்தகத்துக்கு எதிராக ஒருநாள் கூட்டம் சேர்ப்பது எளிது. வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் குழுக் கூட்டங்களுக்குப் போவதுதான் கடினம்.

நம் அலமாரியில் என்ன இருக்கிறது?

இனி நம் ஊருக்கு வருவோம். 2023இல் மத்தியப் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. 12ஆம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவைகள் பற்றிய பாடத்தை நீக்கியது. 11ஆம் வகுப்பு அரசியல் நூலில் அரசியல் நிர்ணய சபை பற்றிய பகுதியிலிருந்து மௌலானா ஆசாத்தின் பெயர் காணாமல் போனது. நாம் கண்டித்தோம். கண்டிக்க வேண்டியதுதான். ஆனால், நீக்கப்பட்டதைக் கேட்கும் அதே குரல், இல்லாததை உருவாக்கவும் எழ வேண்டாமா?

தமிழ்நாட்டில் நிலைமை ஒப்பீட்டளவில் நல்லது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெற்று வந்திருக்கிறது. தேம்பாவணியும் அப்படியே. 2023இல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம், பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கேற்ப ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. அமெரிக்காவில் நாம் பார்த்த நிலைவாரி வாசிப்பு இங்கே தமிழிலேயே தொடங்கிவிட்டது. கேள்வி, அந்த ‘நுழை’யிலும் ‘நட’யிலும் ஓர் ஆயிஷாவோ இப்ராஹீமோ வரும் கதைகளை எழுதித் தர நம்மில் யார் முன்வந்தோம் என்பதுதான்.

தோப்பில் முஹம்மது மீரான் ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பெரியவர்களுக்கான தமிழ் இலக்கியத்தில் முஸ்லிம் வாழ்க்கைக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. சிறுவர்களுக்கு? ஸஹர் நேரத்தில் எழுந்துவிட்டு, உம்மா வேண்டாம் என்றும் கேட்காமல் பாதி நோன்பு வைக்கும் ஒரு பிள்ளையின் கதை. வளைகுடாவில் இருக்கும் வாப்பாவின் அழைப்புக்காகக் காத்திருக்கும் ஒரு பிள்ளையின் கதை. வாடகை வீடு தேடும்போது பெயரைக் கேட்டதும் முகம் மாறும் வீட்டுக்காரரைப் பார்த்துப் புரியாமல் நிற்கும் ஒரு பிள்ளையின் கதை. இவையெல்லாம் நம் தெருக்களில் நடப்பவை. இவற்றைத் தமிழில் படக்கதையாகத் தேடினால் எத்தனை கிடைக்கும் என்று நம் வீட்டு அலமாரியைப் பார்த்தாலே தெரியும்.

நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே கண்ணாடிகள் உண்டு. நபிமார்கள், ஸஹாபாக்கள் வரலாறு நூலகத்தில் நிறைந்திருக்கும். அல்ஹம்துலில்லாஹ். ஜன்னல்கள் எத்தனை? ஒரு தலித் சிறுவனின் பள்ளி அனுபவத்தை, ஒரு மீனவக் கிறித்தவக் குடும்பத்தை, பக்கத்துத் தெரு இந்து வீட்டை நம் பிள்ளைகள் எந்தக் கதையில் சந்திக்கிறார்கள்? நம்மைப் பற்றிப் பிறர் அறியவில்லை என்று வருந்தும் நாம், பிறரைப் பற்றி அறிய நம் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தோம்? ஜன்னலைத் திறப்பதால் ஈமான் போய்விடாது. அடித்தளம் உறுதியாக இருக்கும் வீட்டில்தான் ஜன்னலைப் பயமின்றித் திறக்க முடியும்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஊர் அரசுப் பள்ளி நூலகத்துக்கு, வகுப்பு நிலை பார்த்துத் தேர்ந்தெடுத்த சில கதைப் புத்தகங்களை ஆண்டுதோறும் வழங்கலாம். அதில் நம் கதைகளும் இருக்கட்டும், பிறர் கதைகளும் இருக்கட்டும். எழுதத் தெரிந்த நம் பெண்களையும் இளைஞர்களையும் சிறுவர் கதை எழுத ஊக்கப்படுத்தலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் கிடைத்தவர்கள் கட்டடத்தையும் கழிப்பறையையும் பற்றிப் பேசிவிட்டு, நூலகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

மாண்ட்கோமரிப் பெற்றோர் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். தேவைப்படும்போது நம் பிள்ளை அதன் வழியே வெளியே வரலாம். அந்தக் கதவு எப்போதாவது தேவைப்படுவதாகவே இருக்கட்டும். ஆண்டின் மற்ற நாட்களில் நம் பிள்ளை வகுப்புக்குள் உட்கார்ந்து, தன் கதை வாசிக்கப்படும்போது தலைநிமிர்ந்தும், அடுத்தவன் கதை வாசிக்கப்படும்போது காதுகொடுத்தும் வளர வேண்டும். அதற்கான புத்தகங்களை அந்த அலமாரியில் கொண்டுபோய் வைக்கும் பொறுப்பு நம்முடையது. அதற்கு அல்லாஹ் நமக்கு நல்லருள் புரிவானாக!